தேயும் ஒலியில் ஆர்கன் இசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த, ஐரோப்பியத் தேவாலய இசை பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். தமிழில் இப்பொருள் குறித்து இவ்வளவு உழைப்போடு எழுதுவோர் மிகச் சிலரே என்பதால், கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும் அதில் கண்ட ஒரு கருத்தை மறுக்காமல் இருக்க இயலவில்லை. பரோக் காலத்து (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை) ஆர்கன் இசையை, தந்திகளை மீட்டி ஒலிக்கும் கட்டைக் கருவியான ஹார்ப்சிகார்டில் வாசிப்பது, ஆர்கன் வாய்க்காதவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் சமாதானம் என்றும், அப்படி வாசிக்கும்போது அந்த இசையின் எலும்புக்கூடு மட்டுமே மிஞ்சுகிறது என்றும் அவர் எழுதியிருந்தார். வட ஜெர்மனியில் ஒரு கிராமத் தேவாலயத்தில் பல ஆண்டுகளாக ஞாயிறு வழிபாட்டுக்கு ஆர்கன் வாசித்து வருபவன் நான். வாரத்தின் மற்ற நாட்களில் அதே இசையை வீட்டிலுள்ள ஒற்றை அடுக்கு ஹார்ப்சிகார்டில் பயில்பவன். இரு கருவிகளுக்கும் இடையே ஓயாமல் போய்வருகிறவன் என்ற முறையில், ‘சமாதானம்’ என்ற அச்சொல் என்னை மிகவும் உறுத்தியது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்தினால் அடைப்பு திறந்து, துருத்தியின் காற்று குழலுக்குள் புகுகிறது. விரலை எடுக்கும்வரை அந்தச் சுரம் தொடங்கிய அளவிலேயே நிற்கும். ஒரு நொடியானாலும் ஒரு நிமிடமானாலும் அதன் வலு குன்றாது. ஹார்ப்சிகார்டில் கட்டையின் மறுமுனையில் ஜாக் என்ற மெல்லிய மரத்துண்டு நிற்கிறது. கட்டையை அழுத்தும்போது அது மேலெழும்ப, அதில் செருகிய முள் தந்தியை ஒரே ஒருமுறை மீட்டிவிடுகிறது. அக்காலத்தில் அந்த முள்ளைப் பறவை இறகின் தண்டில் சீவினார்கள். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். மீட்டிய கணம் முதல் ஒலி தேயத் தொடங்குகிறது. கீழ்ச் சுரங்கள் சில நொடிகள் நிற்கும்; மேல் சுரங்கள் அதற்குள் மறைந்துவிடும். நாகசுரத்தின் கார்வைக்கும் வீணையின் கார்வைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டறிந்த நம் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. வீணைக் கலைஞருக்காவது மீட்டிய தந்தியை இழுத்து அசைத்துச் சுரத்துக்கு உயிரூட்ட ஒரு கை இருக்கிறது. ஹார்ப்சிகார்டில் மீட்டிய பின் விரலுக்கு எஞ்சுவது, அந்தச் சுரத்தை எப்போது விடுவது என்ற ஒரே முடிவுதான்.

இவ்வளவு வேறுபட்ட இக்கருவிகளை ஒரு பொதுக் குறை பிணைக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டிலும் விரலின் அழுத்தத்தால் ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஓங்கி அழுத்தினாலும் மென்மையாக அழுத்தினாலும் குழலில் புகும் காற்று அதே காற்றுதான். முள் தந்தியை மீட்டும் வலுவும் ஏறக்குறைய அதேதான். ஆகவே ஒரு சுரத்தை அழுத்திச் சொல்ல விரும்பும் கலைஞர், அதற்கு முந்தைய சுரத்தைச் சற்று முன்னதாகவே விட்டு நூலிழை அளவு அமைதியை உண்டாக்குகிறார். அல்லது அச்சுரத்தைக் கண்ணிமைப்பு நேரம் தாமதித்துத் தொடங்குகிறார். இரு கருவிகளிலும் உணர்ச்சி காலத்தின் வழியாகவே வெளிப்படுகிறது. ஆர்கனில் கற்ற விரல் ஹார்ப்சிகார்டில் உதவுவதும், ஹார்ப்சிகார்டில் கற்ற காது ஆர்கனில் உதவுவதும் இதனால்தான்.

கட்டுரையாளர் ஆர்கன் இசை என்றும் ஹார்ப்சிகார்டு இசை என்றும் இரண்டு தனிப் பேழைகள் இருந்ததாகக் கருதுகிறார். அந்நூல்களின் முகப்புப் பக்கங்களைப் பார்த்தாலே அது அப்படியில்லை என்பது தெரியும். இத்தாலிய இசையமைப்பாளர் ஜிரோலமோ ஃபிரெஸ்கோபால்டி 1615இல் வெளியிட்ட டொக்காட்டாக்களின் (கட்டைக் கருவிகளுக்கான, கட்டற்ற நடையுள்ள படைப்புகள்) முதல் தொகுதி ஹார்ப்சிகார்டுக்கென்று முகப்பிட்டு வந்தது. அதே தொகுதியின் 1637ஆம் ஆண்டுப் பதிப்பு ஆர்கனின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. பாகெல்பெல் 1699இல் அச்சிட்ட ‘ஹெக்ஸகார்டும் அப்பொலினிஸ்’ தன்னை ஆர்கனுக்கோ ஹார்ப்சிகார்டுக்கோ உரியது என்றே சொல்லிக்கொள்கிறது. ஹாண்டல், ஓரடோரியோ என்னும் தம் சமய இசை நாடகங்களின் இடைவேளைகளில் ஆர்கனில் வாசித்துப் புகழ்பெற்ற, தனிக்கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் கான்செர்ட்டோக்கள் 1738இல் லண்டனில் அச்சானபோது, அவற்றின் முகப்பில் ஹார்ப்சிகார்டின் பெயர்தான் ஆர்கனுக்கு முன்னால் நிற்கிறது. இளவரசர் யோஹான் எர்ன்ஸ்டின் ஒரு கான்செர்ட்டோவின் முதல் பகுதி, யோஹான் செபாஸ்டியன் பாக்கின் படைப்புப் பட்டியலில் ஆர்கனுக்கு 595ஆம் எண்ணிலும் ஹார்ப்சிகார்டுக்கு 984ஆம் எண்ணிலுமாக இரு வடிவங்களில் இருக்கிறது. ஜெர்மானியர் வழங்கிய ‘கிளாவியர்’ என்ற சொல்லே கட்டைகள் உள்ள எல்லாக் கருவிகளையும் குறித்தது. ஒரே கலைஞர் காலையில் தேவாலயத்திலும் மாலையில் ஒரு பிரபுவின் கூடத்திலும் வாசித்த காலம் அது.

ஆனால் முகப்புப் பக்கத்தை மட்டும் காட்டி வாதிடுவது போதாது. அது அனுமதியைத் தருகிறதே தவிர வழியைச் சொல்வதில்லை. வழியைச் சொன்னவரும் ஃபிரெஸ்கோபால்டிதான். 1608இல் ரோமின் புனித பேதுரு பேராலயத்தின் ஆர்கன் கலைஞராக அமர்த்தப்பட்டவர் அவர். தம் முதல் தொகுதிக்கு எழுதிய சிறு முன்னுரையில், வாசிப்பவர்களுக்குச் சில நெறிகளை வகுத்துத் தந்தார். டொக்காட்டாவின் தொடக்கத்தை மெதுவாக வாசிக்க வேண்டும். சுரக்கூட்டுகளை ஒரே கணத்தில் அழுத்தாமல் ஒவ்வொரு சுரமாக அவிழ்த்து எழுப்ப வேண்டும். நீட்டிப் பிடித்த சுரங்களையும், சுரங்கள் ஒன்றோடொன்று உரசும் இடங்களையும், கருவி வெறுமையாகிவிடாதபடி மறுபடி மீட்டலாம். எத்தனை முறை என்பது வாசிப்பவரின் விருப்பம். தாளத்தையும் அக்காலத்துப் புதிய மட்ரிகல் பாடல்களில் போல, உணர்ச்சிக்கும் சொல்லுக்கும் ஏற்ப ஓரிடத்தில் தளர்த்தியும் ஓரிடத்தில் விரைந்தும் கொண்டுசெல்லச் சொல்கிறார். கருவி வெறுமையாகிவிடக் கூடாது என்ற அந்த ஒரு கவலையில், நான் பேச வந்த பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

உரசல் என்று மேலே சொன்னதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆர்கன் இசையின் உருக்கம் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கிறது. ஒரு குரல், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இசை வரிகளில் ஒன்று, தன் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே மற்றொரு குரல் நகர்ந்து வந்து அதற்குப் பொருந்தாத இடத்தில் நிற்கிறது. முதல் குரல் நெருக்குண்டு, கடைசியில் ஒரு படி இறங்கி இசைவுக்குத் திரும்புகிறது. ஆர்கனில் வாசிப்பவர் இதற்காகத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிடித்த சுரம் முழு வலுவோடு நின்றுகொண்டிருக்கிறது. கீழ்க்குரல் வந்தவுடன் உரசல் தானாகவே எழுகிறது. ஹார்ப்சிகார்டிலோ, கீழ்க்குரல் வந்து சேரும்போது மேல்சுரம் பாதி கரைந்துபோயிருக்கும். தாளில் எழுதியது எழுதியபடி வாசித்தால், காதில் விழுவது உரசல் ஆகாது. தனியாக ஒலிக்கும் ஒரு புதிய கீழ்ச்சுரமும் அதன் மேல் மங்கிய ஒரு நினைவும்தான். எலும்புக்கூடு என்று கட்டுரையாளர் சொன்னது இப்படிப்பட்ட வாசிப்பைக் கேட்டதனால் என்றால், அவர் சொன்னதில் தவறில்லை என்றே நானும் ஒப்புக்கொள்வேன்.

ஃபிரெஸ்கோபால்டி 1635இல் வெளியிட்ட ‘ஃபியோரி முசிகாலி’ என்னும் தேவாலய இசைத் தொகுதியைத் தமக்கென ஒரு படி வைத்திருந்தார் பாக். அதில் ஞாயிறு வழிபாட்டுக்கான பகுதியில், குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் நேரத்தில் வாசிப்பதற்கென்று ஒரு குரோமாட்டிக் டொக்காட்டா இருக்கிறது. நான்கு குரல்களும் அரைச்சுரம் அரைச்சுரமாக ஊர்ந்து ஒன்றையொன்று நெருக்குவதே அதன் உடல். வேகமான ஓட்டமோ, விரல் வித்தையோ, தாளத் துள்ளலோ அதில் கிடையாது. ஹார்ப்சிகார்டுக்குச் சற்றும் பொருந்தாத படைப்பு எது என்று கேட்டால், பலரும் இதைத்தான் சுட்டுவார்கள். நானும் முதலில் இதை அச்சில் உள்ளபடியே வாசித்து, நான்காவது வரிக்குள் இசை செத்துக் கிடப்பதைக் கண்டேன். பிறகு முன்னுரையைப் படித்துவிட்டு, நீட்டிய ஒவ்வொரு சுரத்தையும் மறுபடி மறுபடி மீட்டினேன். அது கதவைத் தட்டுவதுபோல் கேட்டது. மூன்றாம் கட்டமாகத்தான் சரியான கேள்வி எனக்குப் பிடிபட்டது. இந்தச் சுரத்தை நீட்டியதன் நோக்கம் என்ன? வெறுமனே இடத்தை நிரப்பவா, வரப்போகும் உரசலுக்குக் காத்திருக்கவா? நிரப்ப மட்டும் நிற்கும் சுரம் தேய்ந்து போகட்டும், அதனால் நட்டமில்லை. உரசலுக்குக் காத்திருக்கும் சுரத்தை மட்டும், கீழ்க்குரல் வந்து சேர்ந்த பின், மிகச் சிறிது தாமதித்து மீண்டும் மீட்ட வேண்டும். அல்லது அந்தச் சுரக்கூட்டைக் கீழிருந்து அவிழ்த்து, உரசும் சுரத்தைக் கடைசியாக எழுப்ப வேண்டும். அப்போது காது அதைப் புதிய சுரமாக எடுத்துக்கொள்வதில்லை. பிடித்திருந்த குரல் வலியால் நிமிர்வதாகவே உணர்கிறது.

இதன் பின் வேறு சில வழிகளும் தாமாகவே கிடைத்தன. சுரக்கூட்டை அவிழ்க்கும்போது எல்லா விரல்களையும் கட்டைகளிலேயே வைத்திருந்தால், தந்திகள் ஒன்றையொன்று தாங்கி, ஒலி ஒரு மேகம்போல் சற்று நேரம் நிற்கும். நீண்ட சுரத்தின் மேல் ட்ரில், அதாவது அதையும் பக்கத்துச் சுரத்தையும் மாற்றி மாற்றி, வாசிப்பதும் ஒரு வழிதான். ஆனால் தொடக்கத்திலிருந்தே வேகமாக வாசித்தால் அது வெறும் அலங்காரமாகிவிடுகிறது. சுரத்தைச் சிறிது நேரம் தனியே நிற்கவிட்டு, அது தேயத் தொடங்கும் இடத்தில் மெதுவாக ட்ரில்லைத் தொடங்கினால், மூச்சு தீரும் தறுவாயில் பாடகர் மீண்டும் குரலை எழுப்புவதுபோல் இருக்கும். ஹார்ப்சிகார்டில் சற்று விரைவாக வாசித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. விரைந்தால் சுரங்களுக்கிடையேயான வெற்றிடம் குறையும் என்பது உண்மை. ஆனால் குருவானவரின் கைகள் உயரும் அந்த நேரத்தின் நிதானமும் அதோடு போய்விடும்.

இங்கே ஹார்ப்சிகார்டு தரும் ஒரு பெரும் நன்மையைச் சொல்லாமல் விடக் கூடாது. ஃபிரெஸ்கோபால்டியின் காலத்தில் கட்டைக் கருவிகளுக்கு மீன்டோன் என்ற முறையில் சுருதி சேர்த்தார்கள். அதன் பரவலான வகையில் மேஜர் மூன்றாம் சுரங்கள் (நம் சட்ஜமத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையிலானது போன்ற இடைவெளிகள்) அதிர்வில்லாமல் தூய்மையாக ஒலிக்கும். அதற்கு விலையாக அரைச்சுரங்கள் இரு அளவுகளில் அமையும். சுர இடைவெளியை அளக்கும் சென்ட் என்ற அலகில், ஒன்று சுமார் 76 சென்ட், மற்றொன்று சுமார் 117 சென்ட். இன்றைய பியானோவில் எல்லா அரைச்சுரமும் 100 சென்ட். ஆகவே அந்த டொக்காட்டாவில் ஒரு குரல் அரைச்சுரம் அரைச்சுரமாக நகரும்போது, அதன் அடிகள் ஒன்று குறுகியும் ஒன்று அகன்றும் விழுகின்றன. அந்தச் சமமின்மைதான் அதன் துயரம். எங்கள் கிராமத் தேவாலயத்து ஆர்கன் இன்றைய சமச் சுருதியில் உள்ளது. அதில் அந்தக் குரல்கள் வழுவழுப்பாக வழுக்கிக்கொண்டு போகும். ஓர் ஆர்கனின் குழல்கள் அத்தனையையும் வேறு சுருதிக்கு மாற்றுவது ஓர் இசைஞர் தனியாகச் செய்யக்கூடிய வேலையன்று. ஹார்ப்சிகார்டிலோ, சாவியைக் கையில் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் நானே சுருதியை மாற்றிவிடலாம். இந்த ஆர்கன் படைப்பின் உண்மையான அரைச்சுரங்களை நான் முதன்முதலில் கேட்டது ஆர்கனில் அல்ல. என் வீட்டு ஹார்ப்சிகார்டில்தான். சுருதியில் இம்மி வேறுபாட்டையும் பிடித்துவிடும் காதுகளை உடைய நம் வாசகர்கள் இதன் பொருளை உணர்வார்கள் என்று நம்புகிறேன்.

ஒலியைப் போலவே அமைதியும் இரு கருவிகளிலும் வேறுபடுகிறது. ஆர்கன் கலைஞரும் இசையமைப்பாளருமான டீட்ரிக் பக்ஸ்டஹூட 1668 முதல் பணியாற்றிய லூபெக் நகரின் மரியன்னை தேவாலயத்தில், செங்கல்லால் கட்டிய நடுக்கூடத்தின் வளைகூரை 38.5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 1705இல் இருபது வயதுப் பாக், அவரைக் கேட்பதற்கென்றே ஆர்ன்ஷ்டாட்டிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்து அங்கே வந்தார். பக்ஸ்டஹூடவின் பிரீலூடியங்களில் (முன்னிசைப் படைப்புகளில்) ஒரு பெரும் சுரக்கூட்டு முழங்கி, திடீரென்று எல்லாம் நின்று, ஓய்வுக்குறி வரும். அந்தக் கூடத்தில் அந்த ஓய்வு வெறுமையாக இருக்காது; விரலை எடுத்த பின்னும் சுவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும். அத்தேவாலயத்தில் இருந்த ஆர்கன்கள் 1942ஆம் ஆண்டு மார்ச் மாதக் குண்டுவீச்சில் எரிந்து அழிந்தன. இன்று அங்கே இருப்பவை போருக்குப் பின் கட்டியவை. அவருடைய ஜி மைனர் பிரீலூடியம், பட்டியலில் 163ஆம் எண், கால்கட்டை (ஆர்கனில் கீழ்ச்சுரங்களைக் காலால் வாசிக்கும் கட்டை வரிசை) இல்லாமலே வாசிக்கக்கூடியது. அதை என் சிறிய அறையில் ஹார்ப்சிகார்டில் வாசிக்கும்போது, எழுதிய அளவுக்கே ஓய்வை விட்டால் இசை அறுந்து விழுகிறது. ஆகவே ஓய்வுக்கு முந்திய சுரக்கூட்டை அகலமாக அவிழ்த்து, விரல்களை ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழாக, தாமதித்து எடுக்கிறேன். தேவாலயத்தின் எதிரொலி தேயும் விதத்தை விரல்களே நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அடுத்து வரும் ஃபியூக்கில், அதாவது ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்கும் பகுதியில், நிலைமை தலைகீழ். பெரிய கூடத்தில் எதிரொலியில் கரையும் உட்குரல்கள், ஹார்ப்சிகார்டின் கூர்மையான மீட்டலில் ஒவ்வொன்றும் தனித்தனியே காதில் விழுகின்றன. ஒரு குரல் எங்கே நுழைகிறது, எங்கே மறைகிறது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெதிலும் நான் கேட்டதில்லை.

கால்கட்டை இல்லாமல் பாக்கை எப்படி வாசிப்பது என்பது கட்டுரையாளரின் வலுவான கேள்வி. அக்காலத்தில் கால்கட்டை இணைத்த ஹார்ப்சிகார்டுகளும், மெல்லிய ஒலியுடைய தந்திக் கருவிகளான கிளாவிகார்டுகளும் இருந்தன. குளிர்காலத்தில் சூடேற்றாத தேவாலயத்தில், துருத்தியை மிதிக்க ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பயில முடியாது என்பதால், ஆர்கன் கலைஞர்கள் வீட்டில் இவற்றில்தான் பயின்றார்கள். 1750இல் பாக் மறைந்தபின் எடுத்த சொத்துக் கணக்கில், கால்கட்டையோடு கூடிய மூன்று கிளாவியர்களைத் தந்தை தம் வாழ்நாளிலேயே கடைசி மகன் யோஹான் கிறிஸ்டியானுக்குக் கொடுத்துவிட்டதாகக் குறிப்பு இருக்கிறது. அவை எவ்வகைக் கருவிகள் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1960களில் ஆர்கன் கலைஞர் இ. பவர் பிக்ஸ், ஜான் சாலிஸ் கட்டிய கால்கட்டை ஹார்ப்சிகார்டில் பாக்கின் ஆர்கன் படைப்புகளை ஒலிப்பதிவு செய்தார். அவற்றில் கால்கட்டையின் வரி, தாளம் தெறிக்கும் பேஸ் வாத்தியம்போல் முன்னால் வந்து நிற்கிறது.

கால்கட்டை இல்லாத சாதாரண ஹார்ப்சிகார்டில் பாக்கின் சி மைனர் பாசக்காலியாவை முழுமையாக வாசிக்க முடியாது. இரண்டு கைகளுக்கு அடங்காத இடங்கள் அதில் பல. வாசிப்பவர் எதை விடுவது, எதை ஒரு ஸ்தாயி ஏற்றுவது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். ஆனால் எட்டு பார் (தாளக்கட்டு) நீளமுள்ள ஒரே கருவின் மேல் இருபது மாறுபாடுகளை அடுக்கும் அந்தப் படைப்பில், பதினான்காவதுக்கும் பதினைந்தாவதுக்கும் வரும்போது கால்கட்டை ஓய்ந்துவிடுகிறது. கரு, அவிழ்ந்து ஓடும் சுரக்கூட்டுகளுக்குள் ஒளிந்துகொள்கிறது. அந்த இரு மாறுபாடுகளும் அப்படியே தந்திக் கருவியின் தாய்மொழி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹார்ப்சிகார்டில் விரலால் ஒலியைப் பெருக்க முடியாவிட்டாலும், ஒரே நேரத்தில் மீட்டும் சுரங்களின் எண்ணிக்கை கூடக் கூட ஒலி பெருகும். பாக் குரல்களைச் சேர்த்துக்கொண்டே போகும் இடங்களில் ஒலியின் ஏற்றம் வாசிப்பிலேயே பொதிந்து வருகிறது. ஆர்கனில் குழல் வரிசைகளைத் திறக்கும் பிடிகளான ஸ்டாப்புகளை இழுப்பதுபோல் இழுக்க யாரும் தேவையில்லை.

பாக் 1739இல் ஆர்கனுக்கென்றே முகப்பிட்டு வெளியிட்ட ‘கிளாவியர் பயிற்சி’ மூன்றாம் பகுதியைக் கட்டுரையாளர் தம் வாதத்துக்கு உச்சச் சான்றாகக் காட்டியிருந்தார். அதே நூலில் பெரும் படைப்புகளின் பக்கத்திலேயே, கால்கட்டை வேண்டாத சிறு வடிவங்கள் வரிசையாக இருப்பதை அவர் கவனிக்கவில்லை. பத்துக் கட்டளைகள் பற்றிய பாடலின் மேல் அமைந்த சிறு ஃபியூக் ஜீக் நடனத்தின் துள்ளலில் ஓடுகிறது. விசுவாச அறிக்கைப் பாடலின் சிறு வடிவம் பிரெஞ்சு ஓவர்ச்சரின் வெட்டுத் தாளத்தில் நடக்கிறது. நூலின் இறுதிக்குச் சற்று முன் 802 முதல் 805 வரை எண்ணிட்ட நான்கு டூயட்டுகள் இரண்டே குரல்களால் ஆனவை. இவற்றை ஹார்ப்சிகார்டில் வாசிப்பவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை, எதையும் விட வேண்டியதில்லை.

எல்லா ஆர்கன் இசையும் இப்படி இடம்பெயரும் என்று நான் சொல்ல வரவில்லை. பிரெஞ்சு ஆர்கன் இசையின் ஒரு பெரும் பகுதி இடம்பெயராது. அங்கே படைப்பின் தலைப்பே, எந்த ஸ்டாப்புகளை இழுக்க வேண்டும் என்ற கட்டளை. ஃபிரான்ஸ்வா கூப்பரின் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1690இல், இருபத்திரண்டு வயதுக்குள், எழுதிய இரண்டு வழிபாட்டு இசைத் தொகுதிகளிலும், நிக்கோலா த க்ரினியி 1699இல் வெளியிட்ட நூலிலும், ‘டியர்ஸ் ஆன் தாய்’ என்ற வகை வருகிறது. வெவ்வேறு உயரமுள்ள குழல் வரிசைகளைச் சேர்த்து உருவாக்கிய ஒரு தனி நிறக் குரல் நடு ஸ்தாயியில் பாட, வலது கை மேலே மெல்லிய ஒலியில் துணை நிற்க, கால் கீழ்ச்சுரங்களைத் தாங்கும். அந்த நிறத்தை எடுத்துவிட்டால் பாடுவது யார், துணை நிற்பது யார் என்றே தெரியாமல் போய்விடும். இதை ஹார்ப்சிகார்டில் வாசிக்க நான் முயன்றதில்லை, முயலவும் மாட்டேன். இருந்தும் இதே கூப்பரின் 1716இல் வெளியிட்ட ஹார்ப்சிகார்டு வாசிப்பு நூலில், இக்கருவியின் சுரங்களைப் பெருக்கவோ குறைக்கவோ முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்கான பரிகாரத்தையும் சொல்கிறார். ஒரு சுரத்தை உரிய நேரத்துக்கு முன்பே வெட்டுவது ஒன்று. உருக்கமான இடத்தில் சுரத்தைச் சற்றுத் தாமதித்துத் தொடங்குவது மற்றொன்று. வில் வாத்தியங்கள் ஒலியைப் பெருக்கும் இடத்தில், இந்தத் தாமதம் காதுக்கு அதே நிறைவைத் தருகிறது என்பது அவர் கருத்து. ஃபிரெஸ்கோபால்டியின் குரோமாட்டிக் டொக்காட்டாவில் நான் தட்டுத் தடுமாறிக் கண்டடைந்ததும் இதுதான் என்பதை, இந்நூலைப் படித்த அன்று மிகுந்த மகிழ்ச்சியோடு உணர்ந்தேன்.

இருபதாம் நூற்றாண்டில் இதற்கு நேர்மாறான ஒரு பாதையும் இருந்தது. ஹார்ப்சிகார்டை மேடைக்கு மீட்டுக் கொண்டுவந்த வாண்டா லாண்டோவ்ஸ்காவுக்காக, பிளேயல் நிறுவனம் 1912இல் பதினாறடி வரிசையும், வாசிக்கும்போதே காலால் ஒலி நிறத்தை மாற்றும் மிதிகளும் கொண்ட பெரிய கருவியைக் கட்டியது. எட்டடி, பதினாறடி என்பவை ஆர்கன் குழல்களின் நீளத்திலிருந்து ஹார்ப்சிகார்டு கடன் வாங்கிய பெயர்கள். பதினாறடி என்றால் எட்டடியைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. அந்த அம்மையாரிடம் எனக்குள்ள மரியாதை பெரிது. ஆனாலும் நிறத்தை மாற்றி மாற்றி ஆர்கனைப்போல் ஒலிக்க வைக்கும் முயற்சி, தந்தியின் இயல்பை மறைத்துவிடுகிறது என்பதே என் கருத்து. அவருக்குப் பின் வந்த கூஸ்டாஃப் லியோன்ஹார்ட் ஆம்ஸ்டர்டாமில் ஆர்கன் கலைஞராகவும் ஹார்ப்சிகார்டு கலைஞராகவும் வாழ்ந்து 2012இல் மறைந்தார். பாக்கின் இறுதிக்கால ஃபியூக் தொகுதி ஹார்ப்சிகார்டுக்கே எழுதப்பட்டது என்று 1952இல் வாதிட்டவர் அவர். அவருடைய ஒலிப்பதிவுகளில் ஸ்டாப் மாற்றம் மிக அரிது. சுரங்களுக்கிடையே அவர் விடும் நுண்ணிய இடைவெளிகளாலேயே ஒலி ஏறுவதும் இறங்குவதும் போன்ற உணர்வு பிறக்கிறது. கட்டுரையாளர் நேரம் ஒதுக்கி, ஃபிரெஸ்கோபால்டியை அவர் ஆர்கனில் வாசித்ததையும் ஹார்ப்சிகார்டில் வாசித்ததையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டுகிறேன். சுரக்கூட்டுகளை அவர் அவிழ்க்கும் வேகம் கருவிக்குக் கருவி எப்படி மாறுகிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

ஃபிரெஸ்கோபால்டியின் முன்னுரை மிகச் சுருக்கமானது. இத்தாலிய மூலத்திலிருந்து நான் என்னால் இயன்றவரை தமிழாக்கி, இக்கடிதத்தோடு தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அடுத்து வரும் ஞாயிறு இணைப்பில் இடமிருந்தால் அதை வெளியிட வேண்டுகிறேன். இடம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால், இக்கடிதத்தை விட்டுவிட்டு முன்னுரையை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
வட ஜெர்மனி.